கம்பத்தில் மாட்டிய காதுகள்

எனக்கு வசந்தி மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் படித்துக்கொண்டே போகையில் நீங்களாகவே கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்த பிறகு நான் சொல்லும் எதையும் நம்ப மாட்டீர்கள். வேலையில் எனக்கு நேர்ந்ததும் அதுதான்.

கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. என் பெயர் மேரி. தாம்பரம் பக்கத்தில் அவசர அழைப்புகளை எடுக்கும் அறையில், என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளை இன்ஸ்பெக்டராகக் கழித்தேன். போனை எப்படி எடுப்பது, மைக்கில் ரோந்து வண்டியை எப்படி அழைப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஒரு கருவியைப் பற்றி. துப்பாக்கி சுட்டாலோ நாட்டு வெடிகுண்டு வெடித்தாலோ, அந்தச் சத்தத்தைக் கேட்டு, எந்தத் தெரு என்று வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும் கருவி. அதைப் போல இன்னொன்று மறுபடி வரப்போகிறதாம். அது வாங்கும் விலைக்குத் தகுமா, மக்கள் பணத்தை அதில் போடலாமா என்று உங்களையும் கேட்பார்கள். அதற்கு முன்னால், பழைய கருவி வந்ததும் போனதும் எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கருவியைக் கொண்டுவந்தவள் வசந்தி.

நாங்கள் இருவரும் ஒரே பேட்ச் சப்-இன்ஸ்பெக்டர்கள். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், மீதி நாளெல்லாம் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. வசந்தி சேலையூரின் பழைய குடும்பம். அவர்கள் நெல் விளைத்த இடத்தில் இன்றைக்கு அடுக்குமாடி நிற்கிறது. சம்பளத்தை நம்பி வாழ வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அதனாலோ என்னவோ, மேலதிகாரியின் அறைக்குள் போனால் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். நான் நின்றுகொண்டே பேசிவிட்டு வருவேன். இன்ஸ்பெக்டர் பதவி உயர்வு அவளுக்கு முதலில் வந்தது. யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், "இவங்க வசந்தி மேடத்தோட பேட்ச்மேட்" என்பார்கள். என் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். சில சமயம் வராமலே போகும்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தவள் அவள். நல்லவள். அதனால் பொறாமைப்பட மட்டும்தான் முடிந்தது.

எங்கள் அறைக்குப் போன் எடுக்க ஆள் போதவில்லை, ஓட வண்டி போதவில்லை என்று நான் கேட்காத கூட்டம் இல்லை. "பார்க்கலாம் மேரி" என்பார்கள். பார்க்கவே மாட்டார்கள். அந்தச் சமயத்தில் புறநகரில் ரவுடிகளுக்குள் நாட்டு வெடிகுண்டு வீச்சு அடுத்தடுத்து நடந்தது. எங்கேயோ ஒரு கண்காட்சியில் இந்தக் கருவியைப் பார்த்துவிட்டு வந்த வசந்தி, துணை ஆணையரிடம் போய் உட்கார்ந்து பேசினாள். நான் பல வருடம் கேட்டும் வராதது அவள் ஒருமுறை கேட்டதும் வந்தது. மேடவாக்கம், வண்டலூர், திருமுடிவாக்கம் என்று தெருவிளக்குக் கம்பங்களில் வெள்ளைப் பெட்டிகளை மாட்டினார்கள். எங்கள் அறையில் வேலை பார்த்த பிள்ளைகள் அவற்றுக்குக் 'காது' என்று பெயர் வைத்தார்கள். ஒரு காலி மைதானத்தில் துப்பாக்கியால் சுட்டுக் காட்டினார்கள். திரையில் மிகச் சரியாக அந்த மைதானத்தின் மேல் சிவப்புப் புள்ளி விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தத் திரையை என் அறையில், என் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார்கள். அந்த அறையிலேயே பெரிய திரை அதுதான்.

பிறகு காது கேட்க ஆரம்பித்தது.

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரியின் டயர் வெடித்தால் சிவப்புப் புள்ளி. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு கீழே விழுந்தால் சிவப்புப் புள்ளி. அங்கே ஒரு பட்டறைக்கு எங்கள் வண்டி எத்தனை முறை போனது என்றால், பட்டறைக்காரர் எங்கள் ஆட்களைப் பார்த்ததும், "இன்னிக்கும் நாங்கதான் சார். வந்தது வந்தீங்க, டீ சாப்ட்டுப் போங்க" என்று சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதை மறைக்கத் தெரியாமல் சிரித்துவிடுவேன். அறையில் இருந்தவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒருநாள் காலை புள்ளிகள் வரிசையாக விழுந்தன. 'துப்பாக்கிச் சூடு, பலமுறை' என்று திரை சொன்னது. விதிப்படி இரண்டு வண்டிகளை அனுப்பினேன். எங்கள் ஆட்கள் துப்பாக்கியோடு குதித்து இறங்கிய இடம் ஒரு சாவு ஊர்வலம். பாடைக்கு முன்னால் சரவெடி கொளுத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். மேளம் நின்றது. கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்துகொண்டிருந்த மகன் துப்பாக்கியைப் பார்த்தார், எங்கள் ஆட்களைப் பார்த்தார்.

"எங்கப்பனத் தூக்கினு போறோம் சார். அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?" என்று கேட்டாராம்.

எங்கள் ஆட்கள் துப்பாக்கியை உறையில் போட்டார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு, பாடை போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு வந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரக் கூட்டத்தில் நான்தான் சிரித்தேன்.

துணை ஆணையர் முன்னால், வசந்தி எதிரே உட்கார்ந்திருக்க, அந்தச் சாவு வீட்டுக் கதையை நடித்தே காட்டினேன். பட்டறைக்காரர் டீ கொடுப்பதையும் சேர்த்துச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, சிரித்த முகத்தோடே, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சார், இந்தக் கருவிக்கு வருஷா வருஷம் நாம கட்டுறதை வண்டிக்கும் ஆளுக்கும் போட்டா என்ன கிடைக்கும்னு ஒரு தடவை பாத்துரலாமா? பொய்ச் சத்தத்துக்கு ஓடுற வண்டி, அந்த நேரத்துல நிஜமா கூப்பிட்டவங்களுக்குப் போகாம இருக்கு. அந்தச் செலவை யாரும் கணக்குல சேர்க்கலை."

நியாயமான கேள்வி. இன்றைக்கும் அதையேதான் கேட்பேன். துணை ஆணையர் பேனாவை மேசையில் வைத்தார்.

"மேரி, உங்களுக்குக் கருவி மேல கோபமா, வசந்தி மேல கோபமா?"

மறுபடி சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து. வசந்தி மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்தப் பாட்டிலை அவள் நகர்த்தாமல் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

உண்மையைச் சொல்லும்போது சிரிக்காதீர்கள். நீங்கள் சிரித்தால், கேட்பவர்கள் உங்கள் வார்த்தையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவ்வளவு வயதான பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைச் சொல்ல வேண்டும். விடுமுறைக் காலம். வண்டலூர்ப் பூங்காவுக்கு வந்த கூட்டத்தால் ஜி.எஸ்.டி. ரோடு அசையவில்லை. போதாததற்கு நடு ரோட்டில் ஒரு வேன் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த ரோந்து வண்டிகள் எல்லாம் அங்கே மாட்டிக்கொண்டன. மிச்சம் இருந்தது ஒரே வண்டி. அதில் ஏட்டு முருகேசனும் டிரைவரும்.

போன் எடுத்துக்கொண்டிருந்த திவ்யா என் பக்கம் திரும்பினாள். அறைக்கு வந்து அதிக நாளாகாத கான்ஸ்டபிள்.

"மேடம், பூங்கா வாசல்ல நாலு வயசுப் பொண்ணைக் காணோமாம். அம்மா லைன்ல இருக்காங்க. ரொம்ப அழறாங்க."

முருகேசனைக் கூப்பிட மைக்கை எடுத்தேன். அப்போது எதிரே திரையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. வண்டலூரிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக மனை பிரித்து வீடுகள் எழும்பியிருக்கும் பகுதி. ஒரே ஒரு புள்ளி.

"அதை விடுங்க மேடம், காதுதானே" என்றாள் திவ்யா. "குழந்தைக்கு அனுப்புங்க."

அறையில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். குழந்தைக்கு அனுப்பியிருந்தால் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கருவி எவ்வளவு பொய் சொல்லும் என்று ஊருக்கே தெரியும். போனில் ஒரு தாய் அழுகிறாள். திரையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அந்தப் புள்ளி மெய்யாக இருக்கக் கூடாது என்று என் மனதின் ஒரு மூலை விரும்பியது. மெய்யாக இருந்துவிட்டால் வசந்தி ஜெயித்துவிடுவாள்.

அந்த விருப்பத்தை நானே கவனித்துவிட்டேன். கவனித்ததும் மைக்கைப் பிடித்திருந்த கை நின்றது. என்ன செய்யலாம் என்பதை விட்டுவிட்டு, என்ன தெரிகிறது என்று மட்டும் பார்த்தேன்.

"திவ்யா, அந்தப் பக்கத்துல இருந்து ஏதாவது போன் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலை மேடம். அப்ப ஒண்ணும் நடந்திருக்காது."

டயர் வெடித்தால் போன் வரும். "என்ன சத்தம் மேடம்?" என்று நாலு வீட்டிலிருந்து கேட்பார்கள். பட்டாசு வெடித்தால் திட்டுவதற்காகவே கூப்பிடுவார்கள். பயமில்லாத சத்தத்துக்கு ஜனங்கள் போன் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், ஒரு பெரிய சத்தம் கேட்டு ஒருவரும் கூப்பிடவில்லை என்றால் அங்கே எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"ஒண்ணும் நடக்கலைன்னா இந்நேரம் போன் வந்திருக்கும்" என்றேன். மைக்கில் முருகேசனை அந்தப் புள்ளிக்குப் போகச் சொன்னேன். திவ்யா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

அவளிடமிருந்து போனை நான் வாங்கிக்கொண்டேன். "அம்மா, அழாதீங்க. பாப்பா என்ன கலர் டிரஸ் போட்டிருக்கு? உங்க கையை எங்க விட்டுச்சு?" என்று கேட்டு வாங்கினேன். மறுபக்கம் மைக்கில், வாசலில் நின்ற போக்குவரத்துக் காவலரிடம் அதைச் சொன்னேன். பூங்கா ஆட்களிடம் சொல்லி வெளியே வரும் குழந்தைகளைப் பார்க்கச் சொன்னேன். மஞ்சள் பாவாடை, ஒரு கால் கொலுசு. தாய் போனை வைத்துவிடாமல் பேச வைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் முருகேசன் மைக்கில் வந்தார். அவருடைய குரல் எப்போதும் தூங்குவது போல இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை.

"மேடம், ஆள் கிடக்குறாரு மேடம். குண்டு போட்டிருக்கானுங்க. கால் போச்சு. ரத்தம் நிக்கல. தெருவுல ஒரு ஆளு இல்ல மேடம், எல்லாக் கதவும் சாத்திக் கிடக்கு."

"உயிர் இருக்கா?"

"இருக்கு. பேசறாரு."

ஆம்புலன்ஸ் கவிழ்ந்த வேனுக்குப் பின்னால் நின்றது. காத்திருக்க நேரமில்லை. தொடையைத் துணியால் இறுக்கிக் கட்டி, வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு உள் ரோடு வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அவர் மைக்கை வைத்த கொஞ்ச நேரத்தில் போக்குவரத்துக் காவலர் கூப்பிட்டார். கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் வேறு ஒரு குடும்பத்தோடு நின்றிருந்ததாம் குழந்தை. தாயிடம் சொன்னேன். அவள் போனை எங்கேயோ போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. திவ்யா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அடிபட்டவர் பெயர் செல்வம். கேபிள் டிவி லைன்மேன். குண்டு போட வந்தவர்கள் தேடியது வேறு ஆளை. இவர் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர், நடுவில் மாட்டிக்கொண்டார். ஒரு பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதாக முருகேசன் சொன்னார்.

அன்று மாலையே வசந்தி போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மேரி! என் மிஷினைப் பாத்தியாடி?"

"பாத்தேன்" என்றேன்.

ஒரே வண்டியை யார், எதை விட்டுவிட்டு, ஏன் அங்கே அனுப்பினார்கள் என்று அவள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. மறுநாள் பேப்பரில் 'சத்தம் கேட்டு உயிர் காத்த கருவி' என்று செய்தி. திரைக்கு முன்னால் நிற்கும் வசந்தியின் படம். என் திரை, என் அறை. அவளுக்குப் பின்னால் என் நாற்காலியின் முதுகு தெரிந்தது. புதுக் கண்ணாடி போட்டிருந்தாள், நன்றாகவும் இருந்தது. யாரோ அந்தப் படத்தை வெட்டி, தண்ணீர்க் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டில் என் கணவர் பேப்பரைப் படித்துவிட்டு, "நீயும் பக்கத்துல நின்னிருக்கலாமே" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அந்த வாரம் நான் மஃப்டியில் அந்தத் தெருவுக்குப் போனேன். விசாரணை என் வேலை இல்லை. பொறாமைதான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது. வசந்தியின் புகழில் எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று பார்க்கப் போனேன். செல்வம் விழுந்த இடத்துக்கு எதிர்வீட்டு அம்மா கதவை ஒருச்சாய்த்துத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் மூடப் பார்த்தார். தனியாகத்தான் வந்திருக்கிறேன், பெயரெல்லாம் வேண்டாம் என்று சொன்ன பிறகு உள்ளே விட்டார்.

"அன்னிக்குச் சத்தம் கேட்டுச்சாம்மா?"

"கேக்காம? பாத்திரம்லாம் ஆடுச்சி. அந்தாளு கத்தினதும் கேட்டுச்சி."

"அப்ப ஏன் எங்களுக்கு ஒரு போன் பண்ணலை?"

அவர் தெருக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

"முன்னாடி ஒரு தபா பண்ணேன் மேடம். பசங்க என் வாசல்ல குடிச்சிட்டு கத்திகினு இருந்தானுங்க. உங்க வண்டி வந்துச்சி. நேரா என் கேட்டாண்ட நின்னுகினு, 'யாரும்மா போன் பண்ணது, நீதானா?'ன்னு பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க. பசங்க எதிர்ல நின்னுகினு பாக்குறானுங்க. மறுநாளு என் ஸ்கூட்டி சீட்ட கிழிச்சிப் போட்டுட்டானுங்க. வூட்ல வயசுப் பொண்ணு கீது மேடம். நான் இனிமே போன் பண்ணுவனா, நீங்களே சொல்லுங்க."

போன் செய்தவரின் பெயரையும் எண்ணையும் ரோந்து வண்டிக்கு மைக்கில் சொல்வது அப்போது எங்கள் வழக்கம். எல்லாக் கட்டுப்பாட்டு அறையும் அப்படித்தான் செய்தது.

"ஜன்னலச் சாத்திகினேன் மேடம்" என்றார் அவர். "அந்தாளு கத்தறாரு, நான் ஜன்னலச் சாத்திகினேன்." முந்தானையை வாயில் வைத்து அழுதார்.

அடுத்த இரண்டு மூன்று வீடுகளிலும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்.

நேராக வசந்தி இன்ஸ்பெக்டராக இருந்த காவல் நிலையத்துக்குப் போய் அவளைப் பிடித்தேன். வெளியே டீக்கடைக்கு வரச் சொன்னேன். ஓட்டை கிடைத்துவிட்ட சந்தோஷமும், அந்த அம்மாவின் அழுகையும் எனக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"உன் மிஷின் ஏன் போன் பண்ணுச்சு தெரியுமா? அதுக்குப் பயமில்லை. அதுக்கு ஸ்கூட்டி இல்லை, பொண்ணு இல்லை. அந்தத் தெருவுல எல்லாருக்கும் காது இருந்துச்சு வசந்தி. எல்லாரும் கேட்டாங்க. நம்மளைக் கூப்பிடத்தான் பயந்தாங்க. அந்தப் பயத்தை உண்டாக்கினதே நாம. அதைச் சரி பண்ணாம கம்பத்துல காது மாட்டிக்கிட்டு போட்டோ பிடிச்சுக்கறே."

கத்தித்தான் பேசினேன். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார். நான் முடிக்கும்வரை வசந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "போட்டோவுக்கு நான் கேக்கலை மேரி. அவங்களா எடுத்தாங்க" என்றாள். எழுந்து போய்விட்டாள். டீயைக் குடிக்கவில்லை. அன்றைக்கு அவளை அழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மனதுக்குக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

சோதனைக் காலம் முடிந்து, கருவியைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் கூட்டம் வந்தது. விற்ற கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். செல்வம் ஊன்றுகோலோடு நின்று நன்றி சொல்லும் வீடியோவைப் போட்டுக் காட்டினார். அறை உருகிவிட்டது. என் கண்ணும் கலங்கியது. ஒரு உயிருக்கு முன்னால் என்ன கணக்கு பேச முடியும்? துணை ஆணையர் வசந்தியைப் பேசச் சொன்னார்.

அவள் எழுந்து நின்றாள்.

"சார், இந்தக் கருவி அன்னிக்குக் கேட்டது உண்மை. ஆனா அந்தத் தெருவுல இருந்த அத்தனை வீடும் கேட்டுச்சு. யாரும் நம்மளைக் கூப்பிடலை. கூப்பிட்டா யார் கூப்பிட்டாங்கன்னு நாமளே தெருவுல காட்டிக் கொடுத்துடறோம். நாம இந்தக் கருவிக்குப் பணம் கட்டறது ஜனங்களோட பயத்தை மறைக்கறதுக்குத்தான். கூப்பிடறவங்க பேரு வண்டிக்குப் போகக் கூடாது, எண்ணும் போகக் கூடாது. அதை முதல்ல செய்வோம். இந்தப் பணத்துல போன் எடுக்க ஆள் போடுவோம், வண்டி விடுவோம். இது நான் கொண்டுவந்த கருவி. நானே வேண்டாம்னு சொல்றேன்."

கம்பெனிக்காரர் வாயைத் திறந்து மூடினார். பிறகு துணை ஆணையர் கைதட்டினார். அவரே முதலில் தட்டினார். "தான் கொண்டுவந்ததையே தப்புன்னு சொல்ல ஒரு நெஞ்சுரம் வேணும். எல்லாரும் இவங்ககிட்ட கத்துக்கணும்" என்றார். அவள் கருவியைக் கொண்டுவந்தபோது கிடைத்த கைதட்டலைவிட, அதை அனுப்பியபோது கிடைத்தது பெரிது.

ஆரம்பத்திலிருந்து வேண்டாம் என்று சொன்னவள் நான். அந்த வீடுகளின் கதவைத் தட்டியவள் நான். நெஞ்சுரம் அவளுக்காம்.

கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் அவளை நிறுத்தினேன்.

"நான் டீக்கடையில சொன்னதையே சொல்லியிருக்கே."

"ஆமாம். நீ சொன்னதுதான்."

"என் பேரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

வசந்தி படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்தபடி நின்றாள். "சொல்லலாம்னுதான் நினைச்சேன் மேரி. சொன்னா, 'மேரிக்கு வசந்தி மேல காண்டு'ன்னு அதோட போயிருக்கும். அன்னிக்குப் போன மாதிரியே. உனக்கு அது நடக்கணும்னு ஆசையா, உன் பேரு வரணும்னு ஆசையா?"

இரண்டுமே எனக்கு ஆசைதான். ஆனால் அவள் கேட்ட விதத்தில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். "நடக்கணும்" என்றேன். "நடந்துடுச்சு" என்றாள். தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

பொறாமை என்னை வெட்டியாக வைத்திருக்கவில்லை. யாருக்கும் தெரியாத ஓட்டையை அது எனக்குக் காட்டியது. அந்தத் தெருவுக்கு என்னைத் தவிர வேறு யாரும் போகவில்லை, வசந்திகூடப் போகவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்ததும் கேட்பவர்களுக்கு என் பொறாமைதான் கேட்டது. கண்ணைக் கூர்மையாக்கிவிட்டு வாயைக் கெடுத்துவிடும் அது. உங்களுக்கும் யார் மேலாவது இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் வாதம் சரியாக இருந்தால், நீங்கள் பொறாமைப்படும் ஆளின் பெயர் அந்த விஷயத்தோடு ஒட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

கருவி விலைக்குத் தகுமா என்று கேட்டீர்கள் என்றால், என் பதில் இதுதான். செல்வத்திடம் போய்க் கேட்டால் தகும் என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வண்டி தகட்டுச் சத்தத்துக்கு ஓடிய நேரத்தில் போன் செய்து காத்திருந்தவர்கள் யார் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்தக் கம்பெனியும் வீடியோ எடுத்துக் காட்டாது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். இன்னொன்றையும் கேளுங்கள்: ஜனங்கள் நம்மைக் கூப்பிடாமல் இருப்பது ஏன்? அதற்குப் பதில் கிடைத்த பிறகும் கருவி வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். அன்று அந்தப் புள்ளி மெய் என்று எனக்குச் சொன்னது வராத போன்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கூப்பிட்டவரின் பெயரும் எண்ணும் ரோந்து வண்டிக்குப் போகாது என்பது இன்று உங்கள் அறையில் நடைமுறை. அது வந்த பிறகு அந்தப் பக்கத்துத் தெருக்களிலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. முதலில் சின்னச் சின்ன விஷயங்களுக்கு, பிறகு பெரியவற்றுக்கும். நான் ஓய்வு பெறுவதற்குள் அதைக் காதால் கேட்டுவிட்டேன். நீங்கள் அதை 'வசந்தி மேடம் முறை' என்று சொல்கிறீர்களாம். திவ்யாதான் சொன்னாள். அவள் இப்போது சப்-இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புதிதாக வரப்போகும் கருவியைப் பற்றி ஆலோசனை கேட்க, ஓய்வு பெற்ற வசந்தியை அழைத்திருக்கிறார்கள். போன வாரம் அவளே போன் செய்து சொன்னாள்.

"மேரி, நீயும் வா. ரெண்டு பேரும் போலாம்."

"என்னை யாரும் கூப்பிடலையே."

"நான் கூப்பிடறேன்ல?"

அன்றைக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவளுக்கும் அது தெரியும்; வற்புறுத்தாமல், உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவள் அங்கே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். நான் இங்கே உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன். கூட்டத்துக்கு முன்னால் படித்துவிடுங்கள். இதில் உள்ள கேள்விகளை எழுந்து நின்று, சிரிக்காமல் கேளுங்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.